தறி ஓடும்போது பாருங்கள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேரிடமும் இதை நேரில் சொல்லத்தான் போன வாரம் வந்தேன். சொல்ல வரவில்லை. வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, "சரி, வாரேன்" என்று எழுந்துவிட்டேன். மூன்று பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மடங்கிவிடும். இத்தனை வருடம் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது இது. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். மற்றது எதையும் அவளைத் தொடவிடவில்லை.

எனக்கு வயது இன்னும் அறுபதைத் தொடவில்லை. ஆனாலும் மேஜைக்கு அடியில் குனிந்து வயர் மாட்டினால் நிமிர்வதற்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணும் சின்ன எழுத்தைப் பிடிப்பதில்லை. போதும் என்று நிறுத்திக்கொண்டேன். வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு அலுப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களில் ஒருவர் அன்றைக்கு என்னிடம் கேட்டீர்கள்: "அண்ணாச்சி, லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப்புல வைஃபை விட்டு விட்டுப் போகுது. எதை மாத்தினாலும் திரும்பப் போகுது. என்ன செய்ய?" நான் சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன். என்ன கட்டளை அடிக்க வேண்டும், எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் தேடினால் உங்களுக்கே கிடைக்கும். என்னைவிட வேகமாகக் கிடைக்கும். தேடினாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அதை எனக்கு ஒரு தறி வீடு சொல்லிக் கொடுத்தது.

முழுசாகச் செத்துப்போன கம்ப்யூட்டர் நமக்குச் சுலபம். அது எப்போது பார்த்தாலும் செத்தே கிடக்கும். வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளைத் தேய்த்துவிடும். நீங்கள் வண்டியை நிறுத்தி உள்ளே போகும்போது இருக்காது, திரும்பி வண்டியை எடுக்கும்போது வந்துவிடும். அந்த மாதிரி ஒரு கோளாறுக்காக ஒரே வீட்டு வாசலில் மறுபடி மறுபடி செருப்பைக் கழற்றியிருக்கிறேன்.

அந்த வீட்டில் கோமதி என்று ஒரு மருமகள். கைக்குழந்தைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் கம்பெனி அவளை விடவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லி ஒரு டெஸ்க்டாப்பை அனுப்பியிருந்தது. அதில் லினக்ஸ்தான் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் பெட்டிகளுக்கு ஏதாவது என்றால் நம் கடைக்குத்தான் சொல்லுவார்கள்.

அவளுடைய கணவன் நாராயணனுக்கு வீட்டோடு ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. துண்டும் சேலையும் ஓடும். வீட்டின் முன்னறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நெட் இணைப்பு எதிர் வரிசையில் இருந்த நாராயணனின் அண்ணன் வீட்டிலிருந்து வைஃபையில் வந்தது. வயர் இழுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது சப்பரம் வருகிற தெரு. குறுக்கே எதைக் கட்டினாலும் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அறுத்துவிட்டுத்தான் மறுவேலை. கட்டுவானேன், அறுப்பானேன் என்று அந்த வீட்டில் யாரும் வயர் பேச்சை எடுக்கவில்லை.

கோளாறு இதுதான். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைஃபை போய்விடும். தானாகத் திரும்பாது. பெட்டியை அணைத்துப் போட்டால்தான் வரும். அதற்குள் பாதி பார்த்த பில் அழிந்துபோயிருக்கும். அங்கே சென்னையில் அவள் பெயருக்கு எதிரே, வேலையில் இல்லை என்று விழுந்திருக்கும்.

முதல் தடவை போனபோது வாசலில் என்னைப் பார்த்ததுமே அவளுடைய மாமியார் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏலே நாராயணா, தறிய நிறுத்துலே! ஆள் வந்திருக்காவ!"

தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதி எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது. என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்குத்தான் இருக்கும். கத்திப் பேச வேண்டியிருக்குமோ என்று தெருமுனையிலிருந்தே பயந்துகொண்டு வந்தவன் நான்.

தறிக்காரர் வீடுகளில் இது வழக்கம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் தறியை நிறுத்துவார்கள்; அவர் கிளம்பும் வரை ஓட்ட மாட்டார்கள். தறியை ஓடவிட்டுக்கொண்டு ஒருவரை "வாங்க" என்று சொன்னால் அது வரவேற்பாகாது. நம் ஊர்க்காரர்களான உங்களுக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் யோசிக்க மாட்டீர்கள். நானும் யோசிக்கவில்லை.

பெட்டி சுவரில் பதித்த கடப்பைக்கல் பலகையின் மேல் இருந்தது. அதற்கு முன் அங்கே சாமி படங்கள் இருந்தனவாம். கம்பெனிப் பெட்டி என்பதால் மாமியார் படங்களை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு நல்ல இடமாகப் பார்த்து இதை ஏற்றியிருந்தார். பலகைக்குக் கீழே மேஜை போட்டு, அதன் மேல் திரையும் கீபோர்டும். பெட்டியின் முன்பக்கத்தில் நகத்தின் அளவுக்கு ஒரு வைஃபை டாங்கிள் சொருகியிருந்தது. அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு.

உட்கார்ந்தேன். நெட் ஓடியது. டீ வந்தது. அப்போதும் ஓடியது. குழந்தை அழுது, அடங்கி, தூங்கியது. அப்போதும் ஓடியது. லினக்ஸில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபையை அவ்வப்போது தூங்கவைக்கும் ஒரு பழக்கம் உண்டு. அதை நிறுத்திவிட்டேன். அதுவாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ரிப்போர்ட் தாளில், "பார்த்தவரை நன்றாக ஓடுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாம் எல்லோரும் எழுதுகிற வரிதான்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை, போன் வந்தது. "அண்ணாச்சி, மறுபடி நெட் போயிட்டு" என்றாள் கோமதி.

அடுத்த தடவை டாங்கிளையே மாற்றினேன். அதற்கடுத்த தடவை சென்னையிலிருந்து கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு ஆள் போனில் கூடவே இருந்தார். நல்ல மனிதர். "சார், இப்ப இதை அடிங்க, என்ன வருதுன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க, அவசரமே இல்லை" என்பார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரிந்தும் ஒருநாள்கூடப் பெருமூச்சு விட்டதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து டாங்கிளை இயக்குகிற டிரைவர் மென்பொருளை மாற்றினோம். நான் இருக்கிறவரை நெட் அசையவில்லை. கிளம்பிய பிறகு போனது.

சிக்னல் வலு குறைவோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. அதே மேஜையில் இருந்த அவளுடைய போனுக்கு அதே வைஃபை விடாமல் வந்துகொண்டிருந்தது.

"எப்பம்மா போகுது? ஏதாவது செய்யும்போது போகுதா?" என்று ஒருமுறை கேட்டேன். நான் கேட்டது திரையைப் பார்த்துத்தான்.

"அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி. கம்னு வேலை பாத்துக்கிட்டிருப்பேன், போயிரும். மத்தியானம் சாப்பிடுத நேரம் போறதில்ல. அப்ப நானும் வேலை பாக்கிறதில்லயே, அதனால தெரியலயோ என்னமோ."

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறியும் நிற்கும். அந்த வீட்டில் யாருக்கும் அது சொல்ல வேண்டிய ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. காலையிலிருந்து இருட்டும் வரை கேட்கிற சத்தத்தை யார் சத்தம் என்று நினைப்பார்கள்?

அதற்குப் பிறகுதான் கம்பெனி கடைசியாகச் சொல்லிவிட்டது. இனியும் இப்படிப் போனால் சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பால்குடிப் பிள்ளையோடு சென்னைக்கு எங்கே போவது? பெட்டியைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். நூல் கிடைப்பதும் கிடைக்காததுமாகத் தறி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவளுடைய சம்பளம்தான் மாதா மாதம் தவறாமல் வருவது. மாமியாரே என்னை வாசலில் நிறுத்தி, "எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுத்திருங்கய்யா. மருமவ ராவெல்லாம் தூங்கமாட்டேங்கா" என்றார்.

இந்த நிலையில் கம்பெனி ஆள் ஒருநாள் நேராக எனக்கே போன் செய்தார். அன்று அவர் குரல் கொஞ்சம் தயங்கியது.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. கனெக்‌ஷன் போற ஒவ்வொரு தடவையும் இங்க என்ன காட்டுது தெரியுமா? அந்த டாங்கிளை யாரோ வெளிய எடுத்துட்டு, உடனே திரும்பச் சொருகின மாதிரி காட்டுது."

"கையாலயா?"

"கையால எடுத்தா எப்படிக் காட்டுமோ அப்படித்தான் காட்டுது. நீங்க இருக்கும்போது ஒரு தடவைகூடப் போகலை. நீங்க கிளம்பினதும் போகுது. அவங்களே எடுக்கிறாங்களோன்னு மேல கேக்குறாங்க. வீட்ல குழந்தை இருக்கு, வேலைக்கு நடுவுல எழுந்து போறதுக்காக..." அவர் முடிக்கவில்லை. "நீங்க நேர்ல பார்த்த ஆள். நீங்க சொல்றதை வச்சுத்தான் முடிவு எடுப்பாங்க. என்ன எழுதட்டும்?"

உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். வெயில். பக்கத்தில் ஒரு பழச்சாறுக் கடையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

நான் கண்ணால் பார்த்தது என்னவோ அதுதான்: போகவில்லை. ஒரு தடவைகூடப் போகவில்லை. அதை அப்படியே சொன்னால் பொய் இல்லை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டிய அலைச்சலும் விட்டுப்போகும். உண்மையைச் சொல்லி ஒரு பிள்ளையின் வேலையைக் காலி செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அலுத்துப்போன நேரத்தில் மனம் இந்த மாதிரி உண்மையைத்தான் தேடும். அதனால்தான் இதை உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பெண் மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. நான்கு வார்த்தை முகம் பார்த்துப் பேசியதில்லை. யார் என்ன செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் இருக்கும்போது அந்தப் பெட்டி எப்படி இருக்கும் என்பது மட்டும்தான். நான் இல்லாதபோது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கோளாறு இருப்பதோ நான் இல்லாத நேரத்தில். அப்படியென்றால் அந்தப் பெட்டியை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

"இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன்.

"எத்தனை தடவை சார் பார்ப்பீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் அலுப்புதான்.

இதுவரை ஒவ்வொரு தடவையும் போன் செய்து, நேரம் சொல்லி, வரலாமா என்று கேட்டுத்தான் போயிருக்கிறேன். ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் போய் நிற்பது என்பது என்னால் ஆகாத காரியம். மறுநாள் திருவேங்கடம் ஊரில் ஒரு வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பியவன், கடைக்குப் போகாமல் நேராக அந்தத் தெருவுக்கு நடந்தேன். போன் செய்யவில்லை.

தெருவிலேயே தறிச் சத்தம் கேட்டது. வாசலில் நின்று "அம்மா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. முன்னறையில் கோமதி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் கீபோர்டில் இருந்தன. குழந்தை தொட்டிலில். நான் உள்ளே போகவும் கூச்சப்பட்டு, திரும்பவும் மனமில்லாமல் வாசற்படியில் செருப்போடு நின்றேன். கதவு நிலையில் கையை ஊன்றினேன். கை அதிர்ந்தது.

சுவரும் அதிரத்தான் செய்தது. அந்தச் சுவரில் பதித்த கடப்பைக்கல்லும், கல்லின் மேல் இருந்த பெட்டியும் அதிர்ந்தன. அதன் மூக்கில் இருந்த டாங்கிள் எனக்குத் தெரிகிற மாதிரியே துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை விளக்கு அணைந்தது. அணைந்து, மறுபடி எரிந்தது. அவள் கை இரண்டும் கீபோர்டின் மேலேயே இருந்தன.

கோமதி கையை எடுத்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமியார் அடுக்களையிலிருந்து வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்கய்யா" என்று அவர் வாய் அசைந்தது. உடனே கொட்டகைப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார், நிறுத்தச் சொல்லி.

"நிறுத்தாதிய!"

நான் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. கோமதி பதறித் திரும்பினாள். குழந்தை முழித்துக்கொண்டது. கொட்டகைக்குள்ளிருந்து நாராயணன் எட்டிப் பார்த்தான்.

"தறிய நிறுத்தாதிய! ஓடட்டும்! நான் இருக்கேன்னு நிறுத்தாதிய!"

"என்ன அண்ணாச்சி, சொல்லாமக் கொள்ளாம வந்து சண்டைக்கு நிக்கிய?" என்று கத்திக்கொண்டே வந்தான் நாராயணன். "கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தியளா, தறி ரிப்பேருக்கு வந்தியளா?"

அவனைப் பிடித்து இழுத்துக் கடப்பைக்கல்லில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தான். "இது எப்பவும் இப்படித்தானே இருக்கும்" என்றான். அவன் பிறந்ததிலிருந்து அந்தச் சுவர் அப்படித்தான் இருந்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். சுவரை ஒட்டிய தறிகள் சேர்ந்து ஓடும்போது கல் அதிரும். முன்பக்கத் துளை அந்த அதிர்விலேயே நாள்பட்டுத் தளர்ந்துபோயிருந்தது. டாங்கிள் கண்ணிமைக்கிற நேரம் தொடர்பு விட்டு, மறுபடி தொடும். அந்தக் கண்ணிமைப்பு போதும். கையால் பிடுங்கிச் சொருகினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அந்தப் பெட்டியில் இருந்த அமைப்பு, திரும்பி வந்த டாங்கிளைப் புது ஆளாக நினைத்துப் பழைய இணைப்பைக் கொடுக்காது. சென்னை ஆள் பார்த்தது தவறில்லை. நான் பார்த்ததும் தவறில்லை. அவள் சொன்னதும் தவறில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

பெட்டியைக் கல்லிலிருந்து இறக்கினோம். சுவரை விட்டுத் தள்ளி ஒரு மர ஸ்டூலைப் போட்டு, நாராயணன் கொண்டுவந்த பழைய சைக்கிள் டியூபை மடித்து அதன் கால்களுக்குக் கீழே வைத்தோம். டாங்கிளை முன்பக்கத்தில் சொருகாமல், பின்பக்கத்துத் துளையில் ஒரு சின்ன நீட்டிப்பு வயரைக் கொடுத்து அதன் நுனியில் மாட்டி, ஆடாமல் கட்டினேன்.

பிறகு சென்னைக்குப் போன் செய்தேன். சோதனை பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் அங்கிருந்து கவனியுங்கள் என்றேன். அதற்குள் மாமியார் பதறிப்போய், "கம்பெனிக்காரவ பாக்காவளா? ஏலே, இப்பவாவது நிறுத்துலே! பிள்ளை பொழப்புல்லா" என்றார். கோமதியும் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக நானும் அவளைப் பார்த்தேன். பயந்து போயிருந்தாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நிறுத்திக்கிடலாமா? அவங்க பாத்து சரின்னு சொல்லட்டும். நாளையிலருந்து ஓட்டிக்கிடலாம்" என்றாள். "இப்பப் போச்சுன்னா எனக்கு அவ்வளவுதான்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நிறுத்திவிட்டுக் காட்டினால் நிச்சயம் ஓடும். கம்பெனி சரி என்று சொல்லிவிடும். நானும் பெயரோடு கிளம்பலாம். ஆனால் நாளைக்குத் தறி ஓடும். என் சைக்கிள் டியூப் வேலை தாங்குகிறதா இல்லையா என்று எனக்கே உறுதியில்லை. தாங்காதென்றால் அது இப்போதே தெரிய வேண்டும். நான் இங்கே நிற்கும்போது, அந்த ஆள் அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது போனால், எதனால் போகிறது என்று சொல்ல ஒரு வாயாவது இருக்கும். நாளைக்கு அவள் தனியாக இருக்கும்போது போனால், அவள்தான் பிடுங்கினாள் என்று முடிந்துவிடும்.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வராது. "இல்லம்மா. எல்லாத் தறியும் ஓடணும்" என்றேன். நாராயணனிடம், "சும்மா கிடக்கிறதையும் போட்டுவிடு" என்றேன்.

"நூலில்லாம வெறுந்தறியவா?"

"வெறுந்தறியத்தான்."

அவன் அம்மாவைப் பார்த்தான். மாமியார் வாயில் வைத்திருந்த சேலைத் தலைப்பை எடுத்தார். பிறகு, "அவுக சொல்லுதாவல்லா, போடுலே" என்றார்.

எல்லாம் ஓடின. வீடே நடுங்கியது. போனைக் காதில் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, "சார்! என்ன சார் சத்தம் அது? மழையா?" என்றார்.

"தறி சார்!"

"என்னது?"

"தறி! விசைத்தறி! பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்!"

"இது எப்பவும் ஓடுமா? நான் எத்தனையோ தடவை அவங்ககூடப் பேசியிருக்கேனே, ஒரு தடவைகூடக் கேக்கலையே?"

கோமதி போனை என்னிடமிருந்து வாங்கினாள். "சார், நீங்க போன் பண்ணுனா அத்தை நிறுத்தச் சொல்லிருவாங்க சார். கம்பெனில இருந்து பேசுறாங்க, சத்தம் கேக்கக் கூடாதுன்னு" என்றாள்.

ஒரு மரியாதையால் அவரும் நானும் ஏமாந்திருக்கிறோம் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தன் பங்குக்கு அங்கிருந்தே ஏதோ மாற்றினார். டாங்கிள் ஒருவேளை விட்டுத் தொட்டாலும் பெட்டி அதைப் பழைய ஆளாகவே அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்தார். என்னைக் கையால் பிடுங்கிச் சொருகச் சொன்னார். செய்தேன். தானாக இணைந்தது.

பிறகு காத்திருந்தோம். கோமதி பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பச்சை விளக்கையே பார்த்தபடி அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். நாராயணன் வருவதும் போவதுமாக இருந்தான். என் இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, டீயும் வரவில்லை. அந்த வீட்டில் அது முதல் தடவை. விளக்கு அணையவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தறியை நிறுத்தவில்லை. அப்போதும் அணையவில்லை.

சென்னை ஆள் மறுபடி பேசினார். "போதும் சார். மேல சொல்லிட்டேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

கோமதி மாமியாரிடம் திரும்பிச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

"என்னட்டி?"

"வேலை போகாதாம் அத்த!"

"என்ன போகாதாம்?"

"வேலை! வே...லை! போகாதாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து, "யாருக்கு வேலை போச்சு?" என்று கேட்டார். நாராயணன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

நான் ரிப்போர்ட் தாளை எடுத்தேன். பழக்கத்தில் கை தானாக, "சரி செய்யப்பட்டது" என்று எழுதியது. கையெழுத்துக்காக அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் என்னிடமே நீட்டினாள்.

"அண்ணாச்சி, இத மட்டும் எழுதாதிங்க."

"சரியாயிட்டுல்லம்மா?"

"சரியாயிட்டு. ஆனா பழுது இருந்துச்சுன்னு இதுல எங்கயும் இல்லியே. எம்பேர்ல அங்க எழுதி வச்சிருக்காங்க. வேலையில இல்ல, வேலையில இல்லன்னு எத்தனையோ தடவை. அத அழிக்க முடியாதுன்னு அந்த சார் இப்பத்தான் போன்ல சொன்னாரு. அது இருந்துட்டுப் போகட்டும். நீங்க பழுது இருந்துச்சுன்னு எழுதுங்க."

அவள் குரல் உயரவில்லை. தறிச் சத்தத்தில் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. இத்தனை தாள் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் அந்த வார்த்தையை நான் எழுதியதில்லை. ஒன்று, நன்றாக ஓடுகிறது. இல்லையென்றால், சரி செய்யப்பட்டது. நடுவில் ஒரு ஆள் என்ன பட்டார் என்பதற்கு நம் தாளில் இடமே கிடையாது.

மேஜை ஓரத்தில் தாளை வைத்து எழுதினேன். தறி ஓடும்போது பார்த்தது. பழுது இருந்தது. வேலை செய்தவர் மேல் தவறு இல்லை. அதிர்வில் எழுத்து கோணலாகப் போனது. "இருந்தது" என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அவள் சுட்டிக்காட்ட, இடையில் சேர்த்தேன்.

கோமதி அதை இரண்டு தடவை படித்தாள். மேஜையில் தாளை நீவிவிட்டுப் போனில் படம் பிடித்தாள். அசைந்துவிட்டது என்று மறுபடி பிடித்து, கம்பெனிக்கு அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்தது என்று போனில் தெரிந்த பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.